தன் முகத்துக்கு எது அளவுகோல்?

ஒரு மூக்கின் நீளத்தை மில்லிமீட்டர் கணக்கில் சொல்லிவிடலாம். தோலின் நிறத்தையும், முகத்தின் இரு பாதிகளுக்கும் உள்ள வித்தியாசத்தையும்கூடக் கருவி வைத்து அளந்துவிடலாம். அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் அதை எப்படிப் பார்க்கிறார் என்பதை அளப்பதுதான் கடினம். பிறர் கண்ணுக்கே படாத, பட்டாலும் யாரும் பொருட்படுத்தாத ஒரு குறையைத் தங்கள் தோற்றத்தில் கண்டு, அந்த நினைப்பிலேயே நாளின் பெரும்பகுதியை இழக்கிறவர்கள் இருக்கிறார்கள். கண்ணாடி முன்னால் மணிக்கணக்கில் நிற்பார்கள், அல்லது வீட்டில் இருக்கும் கண்ணாடியை எல்லாம் துணி போட்டு மூடிவிடுவார்கள். பள்ளியும் வேலையும் நின்றுபோகும். இத்தாலிய மனநல மருத்துவர் என்ரிகோ மோர்செல்லி 1891-லேயே இதைப் பற்றி எழுதினார். இன்று மருத்துவர்கள் இதை பாடி டிஸ்மார்ஃபிக் டிஸார்டர் என்கிறார்கள், சுருக்கமாக பி.டி.டி. டேவிட் வீலும் அவருடைய சகாக்களும் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் வெளியிட்ட கணக்குப்படி, பொதுமக்களில் வயதுவந்தோரில் ஏறத்தாழ 1.9 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. ஆண்களும் பெண்களும் ஏறக்குறைய சம அளவில் பாதிக்கப்படுகிறார்கள். பெரும்பாலும் பதின்வயதில் தொடங்குகிறது. தற்கொலை எண்ணம் இவர்களிடையே மிக அதிகம். அதனால் இதை அழகு பற்றிய அதிகப்படியான கவலை என்று சிரித்துவிட்டுக் கடப்பது ஆபத்தானது.

இந்த நோயைப் பற்றிக் கேள்விப்படும் யாருக்கும் முதலில் தோன்றும் விளக்கம் ஒன்று உண்டு: இவர்கள் கண்ணுக்கு முகம் கோணலாகத் தெரிகிறது, கண்ணாடி காட்டுவது ஒன்று, இவர்கள் பார்ப்பது வேறொன்று. பத்திரிகைகளில் இந்த நோய்க்குப் போடும் படங்களும் இதைத்தான் சொல்லும். அழகான ஒரு பெண் நிற்பாள், கண்ணாடிக்குள் ஒரு விகாரமான உருவம் இருக்கும். கடந்த முப்பது ஆண்டுகளில் நடந்த அளவீட்டு முயற்சிகளைச் சேர்த்துப் பார்த்தால் இந்தப் படம் பெரும்பாலும் தவறு என்றே எனக்குப் படுகிறது. இவர்களில் பலர் தங்கள் முகத்தைச் சரியாகவே பார்க்கிறார்கள். சில சோதனைகளில் மற்றவர்களைவிடத் துல்லியமாகவும் பார்க்கிறார்கள். பார்த்ததற்கு மனம் போடும் மதிப்பில்தான் சிக்கல் இருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்து அளக்காத எந்த அளவீடும் நோயாளியைத் தவறாகப் புரிந்துகொள்ள வைக்கும். தவறாகப் புரிந்துகொண்டால் வீட்டில் சொல்லும் ஆறுதலும் தவறும், மருத்துவமனையில் தரும் சிகிச்சையும் தவறும்.

மருத்துவர்கள் அன்றாடம் பயன்படுத்தும் அளவுகோலை முதலில் பார்ப்போம். ஓ.சி.டி. என்று நாம் அறிந்திருக்கும் எண்ணச் சுழற்சி நோய்க்காக யேல் பல்கலைக்கழகத்தில் உருவான கேள்விப் பட்டியலை, அமெரிக்க மனநல மருத்துவர் கேத்தரின் ஃபிலிப்ஸும் சகாக்களும் 1997-ல் பி.டி.டி.க்கு ஏற்ப மாற்றினார்கள். அதில் 12 கேள்விகள், மொத்தம் 48 மதிப்பெண். தோற்றம் பற்றிய நினைப்பு ஒரு நாளில் எவ்வளவு நேரத்தை எடுத்துக்கொள்கிறது என்பது முதல் கேள்வி. ஒரு மணி நேரத்துக்குள் என்றால் 1, எட்டு மணி நேரத்தைத் தாண்டினால் 4. அந்த நினைப்பால் வேலை எவ்வளவு கெடுகிறது, எவ்வளவு வேதனை, அதை எதிர்த்து நிற்க முயல்கிறாரா, நிறுத்த முடிகிறதா என்று கேள்விகள் நீளும். கண்ணாடி பார்ப்பது, தோலைக் கிள்ளுவது, தொப்பியாலோ மேக்கப்பாலோ மறைப்பது போன்ற செயல்களுக்கும் இதே கேள்விகள். முகம் எப்படி இருக்கிறது என்ற கேள்வி இந்தப் பட்டியலில் ஓரிடத்திலும் இல்லை. அதுதான் இதன் பலம். மூக்கு கோணலா நேரா என்ற வழக்குக்குள் போகாமல், அந்த மூக்கு ஒரு வாழ்க்கையிலிருந்து எத்தனை மணி நேரத்தைத் தின்கிறது என்று மட்டும் கணக்கெடுக்கிறது. ஆனால் அந்த மணி நேரங்களுக்குள் அவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று இது சொல்லாது. அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் நடப்பது எளிமையானது. ஒருவரைப் புகைப்படம் எடுத்துக் கணினியில் ஏற்றுகிறார்கள். ஒரு குமிழை நகர்த்தினால் படத்தில் மூக்கு பெரிதாகும், சிறிதாகும், அல்லது முகத்தின் இரு பக்கங்களும் கொஞ்சம் கொஞ்சமாக ஒத்துப்போகும், விலகிப்போகும். ‘உங்கள் உண்மையான முகம் இதில் எது?’ என்று கேட்டு, அவர் நிறுத்தும் இடத்துக்கும் உண்மைக்கும் உள்ள தூரத்தை அளந்தால், அவர் கண் எவ்வளவு பிசகுகிறது என்பது எண்ணாகக் கிடைத்துவிடும். தாமஸ், கோல்ட்பர்க் இருவரும் 1995-ல் வெளியிட்ட ஆய்வில், முகம் பற்றி இப்படி வதைபடுகிறவர்கள் தங்கள் முக அளவுகளை மற்றவர்களைவிடச் சரியாகவே கணித்தார்கள். ஜெர்மனியில் உல்ரிக் ஸ்டாங்கியர் குழு 2008-ல் வேறொரு பெண்ணின் முகப் படத்தில் சிறு மாற்றங்களைச் செய்து காட்டியபோது, பி.டி.டி. உள்ள பெண்கள் அந்த மாற்றங்களை மற்றவர்களைவிட நன்றாகக் கண்டுபிடித்தார்கள். இதற்கு மாறான முடிவும் உண்டு. முகத்தின் இரு பக்க ஒற்றுமையைக் கண்டறிவதில் இவர்களுக்குத் தனித் திறமை எதுவும் இல்லை என்று 2010-ல் ரீஸும் சகாக்களும் காட்டினார்கள். ஆக, கழுகுக் கண் என்று சொல்வது மிகையாக இருக்கலாம். குருட்டுக் கண் என்று சொல்ல மட்டும் இடமில்லை.

இவற்றுள் என்னை மிகவும் யோசிக்க வைத்தது, லாம்ப்ரூ, வீல், வில்சன் மூவரும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு. பி.டி.டி. உள்ளவர்கள் 50 பேர். ஓவியம், வடிவமைப்புத் துறையில் பயின்ற நோயற்றவர்கள் 50 பேர். அந்தப் பயிற்சியும் இல்லாத நோயற்றவர்கள் 50 பேர். கலை பயின்றவர்களைத் தனியாகச் சேர்த்ததற்கு ஒரு காரணம் இருந்தது. பி.டி.டி. நோயாளிகளிடையே கலை, வடிவமைப்புக் கல்வி பெற்றவர்கள் மற்ற மனநோயாளிகளிடையே இருப்பதைவிட அதிகம் என்று வீலின் குழு முன்பே கவனித்திருந்தது. ஒவ்வொருவருக்கும் அவரவர் முகம், இன்னொருவர் முகம், ஒரு கட்டடம் என மூன்றின் படங்களும் காட்டப்பட்டன. மூன்றிலும் இரு பக்க ஒற்றுமையைக் கணினி படிப்படியாக மாற்றியிருந்தது. கேள்வியை அவர்கள் பிரித்துப் பிரித்துக் கேட்டதில்தான் ஆய்வின் நுட்பம் இருக்கிறது. எது உண்மையில் நீங்கள்? எப்படி இருக்க விரும்புகிறீர்கள்? எது மிகவும் அழகு? எது இன்பம் தருகிறது, எது அருவருப்பு தருகிறது? உண்மையில் எது என்ற கேள்வியில் நோயாளிகளும் கலை பயின்றவர்களும் மற்றவர்களைவிடத் துல்லியமாக இருந்தார்கள். கட்டடத்திலும் அடுத்தவர் முகத்திலும் நோயாளிகளிடம் விபரீதம் எதுவும் தெரியவில்லை. தங்கள் சொந்த முகத்துக்கு மதிப்புப் போடச் சொன்னபோதுதான் அவர்கள் தனித்து நின்றார்கள். அதைக் கீழே தள்ளினார்கள், அதைப் பார்த்து அருவருத்தார்கள். பார்வை சரி, தீர்ப்பு கொடியது. குமிழை ஒரே கேள்விக்கு மட்டும் நகர்த்தச் சொல்லியிருந்தால் இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்பியிருக்கும்.

இதே வகை ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டுகின்றன. அது நம்மைப் போன்ற, நோயில்லாதவர்களைப் பற்றியது. நாம் நம் முகத்தை உள்ளபடி பார்ப்பதில்லை, கொஞ்சம் கூட்டித்தான் பார்க்கிறோம். அமெரிக்காவில் நிக்கோலஸ் எப்லியும் எரின் விட்சர்ச்சும் 2008-ல் வெளியிட்ட சோதனையில், ஒவ்வொருவர் முகத்தையும் கணினியில் அழகான ஒரு முகத்தோடும் அழகற்ற ஒரு முகத்தோடும் படிப்படியாகக் கலந்து ஒரு வரிசையாக வைத்தார்கள். உங்கள் முகத்தை எடுங்கள் என்றபோது, மக்கள் உண்மைப் படத்தை விட்டுவிட்டு அழகு கூட்டிய படத்தையே எடுக்க முனைந்தார்கள். நண்பர்கள் முகத்திலும் இந்தத் தாராளம் இருந்தது. அதிகம் பழகாதவர் முகத்தில் இல்லை. ஆகவே, நோயாளியின் சுயமதிப்பை நோயில்லாதவரின் சுயமதிப்போடு ஒப்பிட்டு, வித்தியாசம் முழுவதையும் நோயின் கணக்கில் எழுதுவது சரியான கணக்கல்ல. அந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு நம்முடைய இனிய பொய்க்குச் சேர வேண்டியது. மனிதர்கள் நிம்மதியாக வெளியே போய்வர அந்தச் சிறு பொய் தேவைப்படுகிறது போலும். பி.டி.டி. உள்ளவருக்கு அது கிடைக்கவில்லை.

சரி, மனிதக் கண்ணை நம்ப வேண்டாம், கேமராவை அளவுகோலாக வைக்கலாமே என்றால் அங்கேயும் சறுக்கல் இருக்கிறது. 12 அங்குல தூரத்தில் எடுக்கும் செல்ஃபியில் மூக்கின் அகலம் உண்மையைவிட ஏறத்தாழ 30 சதவீதம் பெரிதாகத் தெரியும் என்று 2018-ல் அமெரிக்க முக அறுவை மருத்துவ இதழ் ஒன்றில் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஐந்து அடி தள்ளி நின்று எடுத்தால் அந்தப் பிசகு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. போனில் எடுத்த படத்தைச் சாட்சியாக நீட்டி மூக்கைக் குறைக்கச் சொல்லி வருகிறவர்கள் லென்ஸின் பிழையையும் தங்கள் மூக்கின் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். இவர்கள் சரியாகத்தான் பார்க்கிறார்கள் என்றால், இவர்கள் சொல்வதும் சரியா? தங்கள் முகம் கோரம் என்று அவர்கள் சொல்வதை ஒப்புக்கொள்ள வேண்டுமா? இல்லை. இடது புருவம் வலது புருவத்தைவிட ஒரு நூல் மேலே இருக்கிறது என்பது கவனிப்பு. அதனால் யாரும் என்னைப் பார்க்கச் சகிக்க மாட்டார்கள் என்பது தீர்ப்பு. முன்னது சரியாக இருப்பதால் பின்னது சரியாகிவிடாது. இந்தத் தீர்ப்பையும் சோதிக்க முடியும். உல்ரிகே பூல்மன் குழு 2008-ல் நோயாளிகளின் படங்களை வெளியாட்களிடம் காட்டி மதிப்பெண் போடச் சொன்னது. நோயாளிகள் தங்களுக்குப் போட்டுக்கொண்டது அதைவிடக் குறைவு. அழகான அடுத்தவர்களுக்கு இவர்கள் போட்ட மதிப்பெண் மற்றவர்கள் போட்டதைவிட அதிகம். தன்னைக் குறைத்தும் பிறரை உயர்த்தியும் எடைபோடும் தராசு இது. பிழை திருத்துபவர் ஒருவர் ஒரு நல்ல கதையில் உண்மையிலேயே இருக்கும் நான்கு எழுத்துப் பிழைகளைக் கண்டுபிடித்துவிட்டு, இந்தப் பிழைகளுக்காகவே புத்தகத்தை எரித்துவிட வேண்டும் என்று சொன்னால், அவர் கண்ணில் குறை சொல்ல மாட்டோம்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் மூளை ஆய்விலிருந்து வருகிறது. கலிஃபோர்னியாவில் ஜேமி ஃபியூஸ்னர் குழு 2007-ல் தொடங்கி வெளியிட்ட ஸ்கேன் ஆய்வுகளில் முகப் படங்களை மூன்று விதமாகக் காட்டினார்கள். முதலாவது சாதாரணப் படம். இரண்டாவது, கண்ணாடி கழற்றிய கிட்டப்பார்வைக்காரருக்குத் தெரிவதுபோல நுணுக்கங்களெல்லாம் கரைந்து, மொத்த வடிவம் மட்டும் எஞ்சிய படம். மூன்றாவது, வடிவத்தின் நிழல்கள் போய், சுருக்கமும் விளிம்பும் மயிரிழைகளும் மட்டும் கோடுகளாக நிற்கும் படம். நோயற்றவர்களின் மூளை நுணுக்கப் படத்துக்குக் கூடுதலாக ஈடுபடுத்தும் இடப்பக்கப் பகுதிகளை, நோயாளிகளின் மூளை மற்றப் படங்களுக்கும் ஈடுபடுத்தியது. 2010-ல் அவரவர் முகத்தையே காட்டியபோது, மொத்த வடிவத்தைக் கையாளும் பார்வைப் பகுதியில் நோயாளிகளிடம் இயக்கம் குறைந்திருந்தது. 2011-ல் வீடுகளின் படங்களிலும் இதை ஒத்த குறைவு தெரிந்தது. பார்வையே வேறாக இருக்கிறது என்பதற்கு இது ஆதாரம் அல்லவா?

இந்த ஆய்வுகளை நான் ஒதுக்கவில்லை. ஆனால் அவை சொல்வது, இவர்கள் காட்டைவிட மரத்தை அதிகம் பார்க்கிறார்கள் என்பதைத்தான். மரமே இல்லாத இடத்தில் மரத்தைக் காண்கிறார்கள் என்று அவை சொல்லவில்லை. நுணுக்கத்தில் கண் நிலைத்துப்போவது வேறு, இல்லாததைக் காண்பது வேறு. அதோடு இவை சிறிய ஆய்வுகள். 2007-ல் ஸ்கேன் செய்யப்பட்ட நோயாளிகள் 12 பேர், 2010-ல் 17 பேர். லண்டனில் மொன்சானியும் சகாக்களும் 2013-ல், தலைகீழாகத் திருப்பிய முகங்களையும், இருவர் முகத்தின் மேல்பாதி கீழ்பாதியை ஒட்டிய படங்களையும் வைத்து, முகத்தை மொத்தமாகப் பார்க்கும் திறனை நேரடியாகச் சோதித்தார்கள். நோயாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் கிடைக்கவில்லை. மூளையின் ஒரு பகுதி கூடுதலாக வேலை செய்கிறது என்பதாலேயே, அந்த மனிதருக்குப் படம் வேறுமாதிரி தெரிகிறது என்று முடிவுகட்ட முடியாது.

மேலும் இதில் எது முதல், எது பின் என்ற கேள்வி இருக்கிறது. பிறவியிலேயே நுணுக்கத்தில் விழும் கண் இருந்து, அதனால் நோய் வந்ததா? பல வருடங்கள் ஒரே தழும்பை உற்றுப் பார்த்ததால் கண் அப்படிப் பழகிப்போனதா? இரண்டாவதற்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது. 2011-ல் விண்ட்ஹைம், வீல், ஆன்சன் மூவரும் நோயாளிகளையும் நோயற்றவர்களையும் கண்ணாடி முன் உட்கார வைத்தார்கள். சில விநாடிகள் மட்டும் பார்த்தபோது நோயாளிகளின் வேதனை கூடியது, மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பத்து நிமிடம் பார்க்கச் சொன்னபோது நோயற்றவர்களுக்கும் வேதனை கூடியது, கவனம் முழுவதும் தங்கள்மேலேயே திரும்பியது. இத்தாலியின் உர்பினோ பல்கலைக்கழகத்தில் ஜியோவான்னி கபூட்டோ 2010-ல் இன்னும் தூரம் போனார். மங்கிய வெளிச்சத்தில் 50 பேரை பத்து நிமிடம் கண்ணாடியில் தங்கள் முகத்தைப் பார்க்க வைத்தார். அவர்களில் 66 சதவீதம் பேர் தங்கள் முகம் பயங்கரமாக உருமாறியதாகச் சொன்னார்கள். இவர்கள் எல்லாரும் சாதாரண மனிதர்கள். எந்த முகமும் இத்தனை நேரம் பார்க்கப்படுவதற்காக இல்லை. வீலும் ரைலியும் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், பி.டி.டி. உள்ளவர்கள் ஒரே மூச்சாக நீண்ட நேரம் கண்ணாடி பார்க்கும் தடவைகளில் அந்த நேரம் சராசரியாக ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. நோயாளி ஒருவர் தன் முகம் மாறித் தெரிகிறது என்று சொல்லும்போது, அது நோயின் வேராக இல்லாமல் இந்த நீண்ட பார்வையின் விளைவாகவும் இருக்கலாம். அளவிடுகிறவர்கள் அவர் எவ்வளவு நேரம் பார்த்தபின் சொல்கிறார் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

கண்ணாடியைவிட அதிகம் காயப்படுத்துவது அடுத்தவர் முகம். பூல்மன் குழு 2006-ல் செய்த சோதனையில், முகப் படங்களைக் காட்டி, இவர் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று கற்பனை செய்யச் சொன்னார்கள். பி.டி.டி. உள்ளவர்கள் அந்த முகங்களில் இளக்காரத்தையும் கோபத்தையும் மற்றவர்களைவிட அதிகமாகத் தவறாகப் படித்தார்கள். பஸ்ஸில் எதிரே இருப்பவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாலும், என் மூக்கைப் பார்க்கச் சகிக்காமல்தான் திரும்பிக்கொண்டார் என்று தோன்றும் ஒருவருக்கு, தன் தீர்ப்புக்குச் சாட்சிகள் நாள் முழுக்கக் கிடைத்துக்கொண்டே இருப்பார்கள்.

‘நீ நல்லாத்தாம்மா இருக்கே, சும்மா மனசப் போட்டுக் குழப்பிக்காதே’ என்று பெற்றோர் சொல்வது ஏன் பலிப்பதில்லை என்பதற்கு இங்கே விடை இருக்கிறது. அந்த வார்த்தை கண்ணைத் திருத்த முயல்கிறது. அந்தப் பெண்ணோ தழும்பு இருக்கும் இடத்தை விரல் வைத்துக் காட்டுவாள். தழும்பு உண்மையாகவே இருக்கும். இல்லவே இல்லை என்று சொன்ன அம்மா அவள் கண்ணில் பொய் சொன்னவராகிவிடுவார். நம்பிக்கையின் இறுக்கத்தை அளக்கவும் ஒரு கருவி உண்டு. 1998-ல் ஜேன் ஐசனும் ஃபிலிப்ஸும் சகாக்களும் உருவாக்கிய பிரௌன் நம்பிக்கை அளவுகோல் அது. உங்கள் எண்ணம் எவ்வளவு உறுதி, மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள், அவர்கள் வேறுமாதிரி நினைத்தால் அதற்கு என்ன காரணம் சொல்வீர்கள், உங்கள் எண்ணம் தவறாக இருக்குமோ என்று யோசிக்கத் தயாரா என்று அது கேட்கிறது. பலரின் நம்பிக்கை, எந்தச் சான்றாலும் அசையாத அளவுக்கு இறுகியிருக்கும். இதனால்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013-ஆம் ஆண்டுக் கையேடு, பி.டி.டி.யைக் குறிக்கும்போதே நோயாளிக்குத் தன் நிலை பற்றிய தெளிவு எந்த அளவில் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் குறிக்கச் சொல்கிறது.

சிகிச்சையும் இந்த வாதத்துக்கு ஆதரவாக நிற்கிறது. ஃபிலிப்ஸ் குழு 2002-ல் வெளியிட்ட மருந்துச் சோதனையில், ஃபுளூவாக்ஸெட்டின் எடுத்துக்கொண்டவர்களில் 53 சதவீதம் பேருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 18 சதவீதம் பேருக்கும் குணம் தெரிந்தது. முகத்தில் ஒரு மயிரிழையும் மாறவில்லை. முகத்தின்மேல் இருந்த தீர்ப்பின் கடுமை குறைந்தது. அந்த மாத்திரை பார்வையையும் மாற்றியிருக்கலாமே என்று கேட்கலாம். அதைப் பார்வையையும் மதிப்பீட்டையும் தனித்தனியே, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அளந்தால்தான் தீர்க்க முடியும். அந்த அளவீடு இன்னும் அதிகமாக நடக்க வேண்டும். பேச்சுவழிச் சிகிச்சையில் கண்ணாடிப் பயிற்சி ஒன்று உண்டு. சாதாரணமாக மனிதர்கள் நிற்கும் தூரத்தில் நின்று, தலை முதல் கால் வரை முழு உருவத்தையும் பார்த்து, ‘தலைமுடி கறுப்பு, தோள் வரை இருக்கிறது, கன்னத்தில் ஒரு புள்ளி’ என்று நல்லது கெட்டது சொல்லாமல் விவரிக்க வேண்டும். கவனிப்பை விட்டுவிடச் சொல்லாமல், தீர்ப்பை மட்டும் அதிலிருந்து கழற்றும் பயிற்சி அது. மாறாக, முகத்தையே மாற்றும் வழியில் போனவர்களில் பெரும்பாலோருக்கு நோய் குறையவில்லை. சிலருக்கு மூக்கு போய்த் தாடை வந்தது; கவலை இடம் மாறியதே தவிர விலகவில்லை.

ஆனால் இவர்களில் பலர் முதலில் போய் நிற்கும் வாசல் மனநல மருத்துவருடையது அல்ல. வீல் குழுவின் 2016 தொகுப்பில், மூக்கு அறுவை சிகிச்சை கேட்டு வந்தவர்களில் ஏறத்தாழ 20 சதவீதம் பேருக்கும், பொதுவாக அழகு அறுவை சிகிச்சைக்கு வந்தவர்களில் 13 சதவீதம் பேருக்கும், தோல் மருத்துவரிடம் வந்தவர்களில் 11 சதவீதம் பேருக்கும் பி.டி.டி. இருந்தது. அங்கே மூக்கை அளக்கும் கருவிகள் எல்லாம் இருக்கும், மூக்குக்காரரை அளக்கும் கேள்வித்தாள் பெரும்பாலும் இருக்காது. வீல் 2012-ல் இதற்காகவே உருவாக்கிய பட்டியலில் 9 கேள்விகள்தான். காத்திருக்கும் நேரத்தில் நோயாளியே நிரப்பிக் கொடுத்துவிடலாம். மதிப்பெண் வரம்பைத் தாண்டினால் அறுவை மருத்துவர் தேதி குறிப்பதை நிறுத்திவைத்து, முதலில் மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். வீட்டில் யாராவது இந்த நிலையில் இருந்து, வாழ்வதே வேண்டாம் என்று பேசத் தொடங்கியிருந்தால் அவ்வளவுகூடக் காத்திருக்கக் கூடாது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அழைப்பவர் நோயாளியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. என்ன சொல்வது என்று தெரியாவிட்டால், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் கண்ணாடி முன் போகிறது, எதற்கெல்லாம் வெளியே போவது நின்றுவிட்டது என்பதைச் சொன்னாலே போதும்.